சொல்லால் விரியும் அரங்கு: பார்வையற்ற அவையோரும் தமிழ் நிகழ்த்துகலைகளும்

கட்டுரைச் சுருக்கம்

கூத்தும் நாட்டியமும் கண்டு நுகரும் கலைகள் என்னும் கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. இதனால் பார்வையற்றோர் அரங்கக் கலைகளின் அவையோராக எண்ணப்படுவதில்லை. மேடையில் நிகழ்வதைச் சொல்லால் உணர்த்தும் காட்சி விவரணை என்னும் முறை உலக அரங்குகளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. அதனைத் தமிழில் உருவாக்குவது முதன்மையாக ஒரு மொழிப்பணி. கருவிகள் அதற்குத் துணை. ஆகவே அப்பணியில் தமிழ்த் துறைகளுக்குத் தனிப் பொறுப்புண்டு என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சி விவரணை, மெய்ப்பாடு, தெருக்கூத்து, பரதநாட்டியம், அடியார்க்குநல்லார், பார்வையற்ற அவையோர்

முன்னுரை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துக் காண்பது நெடிய மரபு. இவற்றுள் இயற்றமிழ், பார்வையற்ற ஒருவர்க்குப் பிரெய்ல் நூலாகவும் ஒலிநூலாகவும் திரைவாசிப்பு மென்பொருளின் வழியாகவும் இன்று ஓரளவேனும் கிட்டுகிறது. இசைத்தமிழ் செவிக்கு உரியதாதலின் அதற்குத் தடை குறைவு. நாடகத்தமிழ் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. அரங்கினுள் நுழைவதற்குப் பார்வையற்றோரை எவரும் தடுப்பதில்லை. ஆயினும், நுழைந்தபின் அங்கு நிகழ்வதில் பெரும்பகுதி அவர்களுக்கு எட்டுவதில்லை.

தமிழகக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் இலக்கியம் பயிலும் பார்வையற்ற மாணவர்கள் உள்ளனர். பயிற்றுவிக்கும் பார்வையற்ற பேராசிரியர்களும் உள்ளனர். மெய்ப்பாட்டியலும் அரங்கேற்று காதையும் நாடக வரலாறும் அவர்களுக்குப் பாடங்கள். ஒரு கலையின் இலக்கணத்தைக் கற்பித்துத் தேர்வும் நடத்திவிட்டு, அக்கலையை நுகரும் வழியை அமைத்துத் தராதிருப்பது கல்வியில் நேர்ந்த முரண். இம்முரணைத் தமிழாய்வு இதுவரை தன் சிக்கலாகக் கருதவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, திரைப்படம், நாடகம் முதலிய பண்பாட்டு நிகழ்வுகளை அணுகத்தக்க வடிவில் பெறும் உரிமையை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவும், கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக்குவதை அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. 2024 மார்ச் மாதத்தில் நடுவண் அரசு வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் திரையரங்கில் காட்டப்படும் படங்களைப் பற்றியன. கூத்துக்களமும் நாட்டிய மேடையும் அவற்றின் எல்லைக்குள் வாரா. எனவே உயிருள்ள அரங்கினைப் பற்றிய சிந்தனை வேறிடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும்.

புலவராகப் போற்றப்பட்டோர், அவையோராகக் கருதப்படாதோர்

தமிழ் மரபு பார்வையற்ற படைப்பாளரை மறந்ததில்லை. இரட்டைப் புலவருள் ஒருவர், அந்தகக்கவி வீரராகவ முதலியார், பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் என இலக்கிய வரலாறு அவர்களைப் பெருமையுடன் பேசுகிறது. எனினும் இப்பெருமை முழுவதும் படைப்போர்க்கு உரியது. அவையில் அமர்ந்து நுகரும் பார்வையற்றவரைப் பற்றி மரபில் பேச்சில்லை. அரிய நினைவாற்றலும் கவித்திறனும் உடைய ஒருவரை வியத்தல் எளிது. எவ்வகை அருந்திறனும் இல்லாமல் ஒரு மாலைப்பொழுதில் கூத்துப் பார்க்க விழையும் பார்வையற்ற ஒருவர்க்கு இடமளிப்பதுதான் அரிதாக இருந்திருக்கிறது. 'பார்க்க' என்னும் வினையே இங்குத் தயக்கத்தை உண்டாக்குகிறது. ஆனால் பார்வையற்றோர் தம் அன்றாடப் பேச்சில் 'படம் பார்த்தேன்' என்றே இயல்பாகச் சொல்கின்றனர். தயக்கம் கண்ணுடையோரிடம்தான் உள்ளது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, மெய்ப்பாட்டின் நயம் கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் உணர்வுடையோர்க்கே வசப்படும் என்னும் கருத்தினது. இந்நூற்பா பார்வையற்றோரை மனத்திற்கொண்டு எழுந்ததன்று. ஆகவே அதனை அவர்களுக்குரிய விலக்காகப் படிப்பதும், அனுமதியாகப் படிப்பதும் ஒருசேரப் பொருந்தாதன. ஆயினும் நூற்பாவின் அமைப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கண்ணும் செவியும் அங்குக் கருவிகள். உணர்தல் என்பதே வினை. ஒரு கருவி இல்லாதவிடத்து மற்றொன்றின் வழியாக அவ்வினையை எவ்வளவு தூரம் நிறைவேற்ற இயலும் என்பது ஆய்வுக்குரிய வினா. அதற்கு நடைமுறையில் விடை காணும் முயற்சியே காட்சி விவரணை.

காட்சி விவரணை: தோற்றமும் இயக்கமும்

ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என உலகெங்கும் வழங்கும் இம்முறை இங்குக் காட்சி விவரணை எனப்படுகிறது. 1970களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஃபிரேசியர் தம் முதுகலை ஆய்வேட்டின் வாயிலாக இதன் அடிப்படைகளை வகுத்தார். ஒரு பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேட்டில் இத்துறை கருக்கொண்டது என்பது தமிழ்த் துறைகள் கருதத்தக்க செய்தி. 1981இல் வாஷிங்டன் நகரின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் மார்கரெட், கோடி ஃபான்ஸ்டீல் இணையர் நாடகங்களுக்கு முறையான விவரணையைத் தொடங்கினர். மார்கரெட் தாமே பார்வை இழந்தவர்.

முறை எளியது. அரங்கின் பின்புறம் ஓர் அடைப்பறையில் இருந்து மேடையைக் காணும் விவரணையாளர், உரையாடல்களுக்கு இடைப்பட்ட அமைதியில், அசைவு, இடமாற்றம், முகக்குறிப்பு, ஒளிமாற்றம் ஆகியவற்றைத் தாழ்ந்த குரலில் சொல்வார். வேண்டுவோர் மட்டும் ஒரு சிறு கருவியின் வழியாக ஒரு காதில் அதனைக் கேட்பர். மற்றொரு காது மேடைக்கு உரியது. நிகழ்ச்சிக்கு முன்னரே மேடை அமைப்பு, பாத்திரங்களின் தோற்றம், உடை ஆகியவற்றைப் பற்றிய முன்னுரை வழங்கப்படும். இதனுடன் தொட்டறிதலும் உண்டு: பார்வையற்ற அவையோர் முன்கூட்டியே மேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அரங்கப் பொருள்களையும் அணிகலன்களையும் கையால் தொட்டு அறிவர்.

பிற்காலத்தில் இன்னொரு போக்கும் கிளைத்தது. விவரணையைக் காதுக்கருவியில் ஒதுக்கி வைக்காமல், நாடகப் பனுவலுக்குள்ளேயே பாத்திரங்களின் வாய்மொழியாகவும் பாட்டாகவும் பின்னிவிடுவது அது. 1980இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற கிரேஐ நாடகக் குழு, அணுகல்தன்மையைப் படைப்பழகியலின் ஒரு கூறாகவே கொண்டு இவ்வகையில் இயங்கி வருகிறது. தமிழ் அரங்க மரபுக்கு இப்போக்கு புதிதன்று.

கூத்தில் உள்ளதும் இல்லாததும்

தெருக்கூத்தில் தலைமை வேடங்கள் திரைக்குப் பின் வந்து நிற்கும். இருவர் திரையைப் பிடித்திருப்பர். வருபவர் இன்னார் என்பதையும் அவர்தம் பெருமையையும் விருத்தமும் தருவும் பாடி உணர்த்தும். பின்னர்க் கட்டியங்காரன் வினாவ, வேடதாரி தம் பெயர், நாடு, வந்த காரணம் ஆகியவற்றைத் தம் வாயாலேயே சொல்வார். விடிய விடிய நடக்கும் கூத்தில், விளக்கொளி போதாத காலத்தில், தொலைவில் அமர்ந்திருப்போர்க்கும் கதை விளங்குவதற்கு இம்முறை உதவியிருத்தல் கூடும். கட்டியங்காரன், காணாதவர்க்கும் கண்டதைச் சொல்லும் இடத்தில் நிற்பவன். அரங்குக்குள்ளேயே அமைந்த விவரணையாளன் என அவனைக் கருதுவது மிகையாகாது.

இதனைக் கொண்டு, கூத்து ஏற்கெனவே பார்வையற்றோர்க்கு முற்றும் திறந்த கலை என்று முடிவு செய்துவிடலாகாது. கிரீடத்தின் உயரமும் புஜக்கட்டையின் விரிவும் முகத்தில் எழுதப்பெற்ற வண்ணமும் பாட்டில் முழுமையாக வருவதில்லை. சுழன்றாடும் அடவில் சலங்கையொலி விரைவைச் சொல்கிறது. ஆடுபவர் களத்தின் எப்பக்கம் உள்ளார் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. துகில் உரியப்படும்போது துச்சாதனன் தளர்ந்து சாய்வதைக் கூட்டத்தின் சலசலப்பிலிருந்து ஊகிக்க வேண்டியுள்ளது. படுகளத்தில் மண்ணால் அமைந்த துரியோதனன் உருவம் எவ்வளவு நீளம், கைகால்கள் எவ்வாறு கிடக்கின்றன என்பதை அருகிலிருப்பவர் சொன்னாலன்றி அறிய இயலாது.

அருகிலிருப்பவர் சொல்வதே இன்றுவரை நடைமுறையில் உள்ள விவரணை. தாயோ உடன்பிறந்தாரோ நண்பரோ காதருகே கிசுகிசுப்பர். அதில் அன்பு உண்டு; ஆயின் சொல்பவர் தாமே கதையில் மூழ்கும்போது சொல் நின்றுவிடுகிறது. 'அப்புறம் சொல்கிறேன்' என்னும் தொடர் பார்வையற்றோர் அரங்கில் அடிக்கடி கேட்பது. அவையினர் எல்லாரும் சிரித்து முடித்தபின் காரணம் தெரியவரும் சிரிப்பு, அவையோடு சேர்ந்த சிரிப்பாகாது. அரங்கக் கலையின் உயிரே பலர் ஒருங்கிருந்து ஒரே கணத்தில் உணர்தலில் உள்ளது. பார்வையற்றோர்க்கு மறுக்கப்படுவது அந்தக் கணமே.

நாட்டியத்தில் எழும் சிக்கல்

நாட்டியம் இன்னும் கடினமான நிலம். தாளமும் சொற்கட்டும் நட்டுவாங்கமும் சலங்கையும் செவிக்கு விருந்தாவதால், 'பார்வையற்றோர்க்குப் பாட்டே போதும்' என்னும் எண்ணம் எளிதில் தோன்றுகிறது. அதன் போதாமையைச் சஞ்சாரி தெளிவாகக் காட்டும். வர்ணத்திலும் பதத்திலும் ஓரடி மீண்டும் மீண்டும் பாடப்பெறும். ஒவ்வொரு முறையும் ஆடுநர் வெவ்வேறு நிகழ்வை அபிநயத்தால் விரிப்பார். காண்போர் ஐந்து கதைகளைக் காணும் நேரத்தில், காணாதவர் ஓரடியை ஐந்துமுறை கேட்கிறார். பாட்டு முழுவதும் அவரை எட்டியும் நாட்டியம் எட்டவில்லை.

இங்கு விவரணை புகுவதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு. இசையின்மேல் பேச்சு விழுந்தால் இசையின்பம் கெடும் என்பது அது. மறுப்பு நியாயமானது, பார்வையற்ற இசைவல்லுநர் பலர் இதனை ஒப்புவர். ஆயின் அடி மீள மீள வருவதே இதற்கு வழியும் காட்டுகிறது. முதன்முறை அடி பாடப்பெறும்போது விவரணை ஒதுங்கி நிற்கலாம். கேட்போர் மனத்தில் அவ்வடி பதிந்தபின், அடுத்த சுற்றுகளில் சில சொற்களால் நிகழ்வைச் சுட்டலாம். சுத்த நிருத்தப் பகுதியில் ஒவ்வோர் அடவையும் சொல்ல முயல்வது வீண்; உடலின் பொதுநிலை, திசை, விரைவு ஆகியவற்றை ஓரிரு தொடரில் சொல்லிவிட்டுத் தாளத்துக்கு வழிவிடுவதே தக்கது. எப்போது பேசாதிருக்க வேண்டும் என்பது விவரணையாளர் கற்க வேண்டிய முதற்பாடம்.

இரண்டாம் சிக்கல் பொருள்கோள் பற்றியது. கண்டதை மட்டும் சொல்க, விளக்கம் கூறற்க என்பது மேலைநாட்டு விவரணைப் பயிற்சியில் நெடுங்காலம் வலியுறுத்தப்பட்ட நெறி. 'சினம் கொள்கிறான்' என்னாது 'புருவம் நெரிகிறது, பல்லைக் கடிக்கிறான்' எனல் வேண்டும் என்பர். நாடகத்திற்கு இது பெரும்பாலும் பொருந்தும். மெய்ப்பாடு என்னும் கோட்பாடும் உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதையே பேசுகிறது. புலப்பாட்டைச் சொன்னால் உணர்வைக் கேட்போரே அடைவர். ஆனால் முத்திரை இத்தகையதன்று. அது மரபால் பொருள் உறுதி செய்யப்பட்ட குறி. விரல் எவ்வாறு மடங்கியது என்று மட்டும் சொல்வது, ஒரு சொல்லைச் சொல்லாமல் அதன் எழுத்துகளின் வடிவத்தைச் சொல்வது போலாகும்.

யசோதை கண்ணனின் வாயில் உலகங்களைக் காணும் நிகழ்வை ஒருவர் அபிநயிப்பதாகக் கொள்வோம். 'இடக்கை கடகாமுகம் பிடிக்கிறது. வலக்கை முகத்தருகே வருகிறது. விழிகள் விரிகின்றன' என்பது ஒருவகை விவரணை. 'குழந்தையின் மோவாயைப் பற்றுகிறாள். வாயைத் திறக்கிறான். குனிந்து பார்க்கிறாள். விழி விரிகிறது. இரண்டடி பின்வாங்குகிறாள்' என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் பொருளும் உண்டு. மேடையில் கண்ட அசைவும் உண்டு. 'வியப்படைகிறாள்' என்று முடிவைச் சொல்லாமல் விட்டதால் வியப்பு கேட்போர்க்கு உரியதாகிறது.

தமிழ்மொழி தரும் கருவிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் தமிழின் இயல்பொன்று பயன்பட்டுள்ளது. நாட்டியத்தில் ஒருவரே பல பாத்திரங்களாக மாறுவார். 'பற்றுகிறாள்', 'திறக்கிறான்' என வினைமுற்றின் ஈறே தாயையும் மகனையும் பிரித்துக் காட்டிவிடுவதால், ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லும் தேவை இல்லை. நொடிக்கணக்கில் இடம் கிடைக்கும் விவரணைக்கு இது பெரும் பேறு. இதற்கு மறுதலையாக, வினை தொடரின் இறுதியில் நிற்பதால் நீண்ட தொடர்கள் கேட்போரைக் காக்க வைக்கும். வினை வந்து சேர்வதற்குள் மேடையில் அடுத்த நிகழ்வு தொடங்கிவிடும். ஆகவே தமிழ் விவரணையின் தொடர் மூன்று நான்கு சொற்களுக்குள் அமைவது நன்று. ஆங்கில விவரணை நெறிகளை மொழிபெயர்த்துக் கொள்வதால் மட்டும் இத்தகைய நுட்பங்கள் கிட்டா.

அசைவைச் சொல்லாக்கும் பணியும் தமிழில் முன்னரே நடந்துள்ளது. அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்குநல்லார் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 எனப் பகுத்து, எவ்விரல் நிமிரும், எவ்விரல் வளையும், எது எதனோடு பொருந்தும் எனச் சொற்களாலேயே விளக்குகிறார். படம் ஒன்றும் இல்லாமல் உரையை மட்டும் கேட்டு ஒருவர் தம் கையில் அம்முத்திரையை அமைத்துவிட இயலும். ஆசிரியர் சொல்லக் கேட்டுக் கையை மடக்கிப் பார்க்கும் பார்வையற்ற மாணவர்க்கு இவ்வுரைப்பகுதி நேரடிப் பயன் தருவது. உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த நாள்முதல் இவ்வுரை கலை வரலாற்றுக்கும் சொல்லாய்வுக்கும் சான்றாகப் பயன்பட்டு வந்துள்ளது. உடலசைவை விவரிக்கும் மொழிநடைக்குரிய முன்மாதிரி என்னும் நோக்கிலும் அதனைக் கற்கலாம். தொல்காப்பியர் உரிச்சொல்லுக்கு அடிப்படையாகக் கூறும் இசை, குறிப்பு, பண்பு என்பனவும், பேச்சில் வழங்கும் இரட்டைக்கிளவிகளும், கூத்துக் கலைஞர்களின் தொழிற்சொற்களும் இந்நோக்கில் தொகுக்கப்பட வேண்டியவை.

இவற்றை அவ்வாறே அரங்கிற்குக் கொண்டு செல்லலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உரையாசிரியர் சொற்களைக் காதருகே கேட்கும் பொதுமகனுக்கு அவை மற்றுமொரு திரையாகிவிடும். தொகுக்கும்போது புலமையும், சொல்லும்போது எளிமையும் வேண்டும்.

தமிழ்த் துறைகள் செய்யத்தக்கன

முதலாவது, செலவில்லாத தொடக்கம். ஆண்டுதோறும் துறைகளில் நிகழும் முத்தமிழ் விழாக்களில் நாடகத்திற்கும் ஆடலுக்கும் முன்பாகப் பத்து நிமிட முன்விவரணை வழங்கலாம். வேடதாரிகளின் இசைவோடு கிரீடத்தையும் சலங்கையையும் தொட்டறியச் செய்யலாம். இதற்குத் தேவை ஆயத்தமான ஒரு பக்க எழுத்துரையும் ஒரு மாணவரின் குரலும் மட்டுமே. கருவிகள் பின்னர் வரலாம்.

இரண்டாவது, ஆய்வு. தமிழ் விவரணை நடை, அசைவுச் சொற்றொகுதி, கூத்தில் இயல்பாக அமைந்த விவரணைக் கூறுகள் ஆகியன முதுகலை, முனைவர்ப்பட்ட ஆய்வுகளுக்குத் தகுந்த களங்கள். நாடகவியல் தாளில் விவரணை எழுதுதல் ஒரு பயிற்சியாக அமையின், பார்வையுள்ள மாணவர்களும் கண்டதைத் துல்லியமாகச் சொல்லக் கற்பர்.

மூன்றாவது, தீர்ப்பளிக்கும் இடம். விவரணை நன்றா, தீதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அதனைக் கேட்கும் பார்வையற்றவரே. பிறவியிலேயே பார்வையற்றவர், இடையில் பார்வை இழந்தவர், ஓரளவு பார்வையுள்ளவர் ஆகியோரின் தேவைகள் வேறுபடும். வண்ணங்களைச் சொல்வது ஒருவர்க்கு நினைவூட்டலாகவும் இன்னொருவர்க்குப் பண்பாட்டுச் செய்தியாகவும் அமையும். தமிழ் கற்ற பார்வையற்ற ஆய்வாளர்களை இப்பணியில் உரிய மதிப்பூதியத்துடன் மதிப்பீட்டாளராகவும் எழுத்துரை ஆக்குநராகவும் அமர்த்துவது, பயன்பெறுவோர் என்னும் நிலையிலிருந்து அவர்களைத் துறையின் வல்லுநர்களாக்கும்.

முடிவுரை

சிலப்பதிகாரம் ஆடரங்கின் அளவைக் கூறுகையில் ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்பதோடு நிற்கவில்லை. தூணின் நிழல் காட்சியை மறையாதவாறு விளக்கை நிறுத்துவதையும் சேர்த்தே கூறுகிறது. அவையோர்க்கு ஆடல் தடையின்றி எட்டுதல் அரங்கமைப்பின் ஒரு பகுதியாகவே அங்குக் கருதப்பட்டுள்ளது. காணாதவர்க்குரிய சொல்லை உரிய இடத்தில் நிறுத்துவதும் அவ்வகையில் அரங்கமைப்பைச் சார்ந்ததே. அதனைத் தனியே ஒரு கருணைச் செயலாகக் கொள்ள வேண்டியதில்லை.

காட்சி முழுவதையும் சொல் ஈடுசெய்துவிடும் என்று கூற இயலாது. ஆடுநரின் ஒரு கண்ணசைவில் உள்ளது முழுதும் எந்த விவரணையிலும் அடங்காது. ஆயினும் ஒன்றும் அறியாதிருப்பதற்கும் அவையோடு ஒருங்கே உணர்வதற்கும் இடையிலுள்ள தொலைவைச் சொல் பெருமளவு குறைக்கும். அச்சொல்லை ஆக்கும் பொருள்வளம் தமிழ்த் துறைகளிடம் உள்ளது. அதன் தேவையை நன்கறிந்த மாணவர்கள் அத்துறைகளின் வகுப்பறைகளிலேயே அமர்ந்துள்ளனர். வரும் கல்வியாண்டின் முத்தமிழ் விழாவே தொடக்கத்திற்குப் போதும்.